ஜேஎல்8 டிசி நிறுவனத்தின் வெளியீடு இல்லை

குட்டி பேட்மேனும் குட்டி சூப்பர்மேனும் பள்ளிக்கூடம் போகும் அந்தப் படக்கதையை அமெரிக்கப் படக்கதைப் பதிப்பகமான டிசி நிறுவனமே வெளியிட்டது, அதனால் யாழ்ப்பாணத்தில் எங்கடை பள்ளிக்கூட மலரில் 'நன்றி: டிசி' எண்டு போட்டால் போதும் என மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் அதை அப்படியே பகிர்ந்திருக்கிறீர்கள். தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கோ. அது 'ஜேஎல்8'. யேல் ஸ்டீவர்ட் என்ற ஓவியர் 2011இல் 'லிட்டில் லீக்' என்ற பெயரில் இணையத்தில் தொடங்கிய ரசிகர் படைப்பு. பாத்திரங்கள் டிசியுடையவை, கதையும் கோடும் அவருடையவை.

குழப்பம் வாறதுக்குக் காரணம் இருக்கு. டிசியே 2008 முதல் 2012 வரை 'டைனி டைட்டன்ஸ்' எண்டு ஒன்றை வெளியிட்டது. ஆர்ட் பல்டசாரும் பிராங்கோவும் செய்தது. அதுவும் பள்ளிக்கூடக் கதைதான்.

பிரித்தறிய முதலில் பிள்ளைகள் ஆரெண்டு பாருங்கோ. ராபின், ரேவன், பீஸ்ட் பாய் வகுப்பில் இருந்தால் டைட்டன்ஸ். புரூஸ் (பேட்மேன்), கிளார்க் (சூப்பர்மேன்), டயானா (வொண்டர் வுமன்) மூவரும் எட்டு வயதுப் பிள்ளைகளாக நிண்டால் ஜேஎல்8. அடுத்தது, டைட்டன்ஸ் இதழின் அட்டையில் டிசி முத்திரை இருக்கும். உள்ளே பொடி எழுத்தில் பதிப்பாளர் விபரமும் இருக்கும். வட்சப்பில் சுற்றும் படத்தில் ஓரம் வெட்டுப்பட்டு, சூப்பர்மேனின் நெஞ்சில் உள்ள 'எஸ்' மட்டும்தான் மிஞ்சும். அதை மட்டும் வைச்சு முடிவெடுக்க ஏலாது. அந்தப் படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கோ, அதை வரைஞ்சவரின் பெயர் வரக்கூடும். மலரில் போடவேண்டியது அந்தப் பெயரை. அதுக்கு முதல் அவரிட்டை அனுமதி கேளுங்கோ.