பிள்ளை கைப்படச் செய்தது, அம்மா கை சுட்டது

பரீட்சைக்கு நடுவில்தான் அந்தச் செய்தி வரும். எல்லா வருடமும் அப்படித்தான். அரையாண்டுத் தேர்வு ஓடிக்கொண்டிருக்கும், மறுநாள் கணக்கு, பையன் ஏழெட்டு எவ்வளவு என்று சுவரைப் பார்த்து யோசித்துக்கொண்டிருப்பான். போன டிசம்பரில் இரவு ஒன்பதே முக்காலுக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. "அன்பான பெற்றோருக்கு, கிறிஸ்துமஸ் விழாவை முன்னிட்டு வெள்ளிக்கிழமை மாணவர்கள் தாங்களே கைப்படச் செய்த நட்சத்திரம், குடில் அல்லது கிறிஸ்துமஸ் மரம் கொண்டு வரவும். வீட்டில் வீணாகும் பொருட்களால் மட்டுமே செய்திருக்க வேண்டும். சிறந்த படைப்புக்குப் பரிசு உண்டு." கீழே இரண்டு கும்பிடு, ஒரு பனிமனிதன்.

பனிமனிதன்! திருநெல்வேலியில், மழைப் புழுக்கத்தில் மின்விசிறியை ஐந்தில் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவளுக்குப் பனிமனிதன். சரி, அது கிடக்கட்டும். அடுத்த நிமிடம் "நன்றி மிஸ்", "ஓகே மிஸ்", "சூப்பர் மிஸ்" என்று முப்பது பேர் வரிசை கட்டிவிட்டார்கள். மிஸ் இல்லாத இன்னொரு குரூப் இருக்கிறது, எந்த வகுப்பானாலும் அப்படி ஒன்று இருக்கும். அங்கே போய்ப் பார்த்தால் அதே முப்பது பேரும் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு இடத்திலும் நான் இருக்கிறேன். இரண்டு இடத்திலும் எழுதினேன்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியும், கோந்து தடவத் தெரியும், கோந்தைக் கையில் காயவைத்து உரிக்க ரொம்ப நன்றாகத் தெரியும். அவனால் என்ன செய்ய முடியுமோ அதைச் செய்து கொண்டுவரச் சொல்லுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் "சிறந்த படைப்புக்குப் பரிசு உண்டு" என்ற நாலு வார்த்தை சேர்ந்ததும் அது பிள்ளையின் வேலை இல்லாமல் போய்விடுகிறது. நாற்பது வீட்டிலும் பிள்ளைகள் தூங்கப் போய்விட, நாற்பது அம்மாக்களும் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அப்புறம் இந்த வீணான பொருள் கதை. 'பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்' என்று இதற்குப் பெயர். மாதிரிக்கு மிஸ் அனுப்பிய வீடியோவில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கழிப்பறைத் தாள் சுருளின் உள்ளே இருக்கும் அட்டைக் குழாயை எடுத்து தேவதை செய்கிறார். எங்கள் வீட்டுக் கழிப்பறையில் இருப்பது வாளியும் கப்பும். கப்பில் தேவதை செய்யலாமா? அடுத்து பைன் மரக் காய். கொடைக்கானலுக்குப் போனால் பொறுக்கலாம், தாமிரபரணிக் கரையில் எங்கே போய்ப் பொறுக்க? முட்டை அட்டைப்பெட்டி வேண்டுமாம். எங்கள் தெருக் கடையில் ஆறு முட்டையைச் செய்தித்தாளில் சுற்றி நூல் போட்டுத் தருவார்கள். எங்கள் வீட்டில் நிஜமாக வீணாவது சிரட்டை, தேங்காய் நார், பால் கவர், பழைய செய்தித்தாள். "சிரட்டையில் குடில் செய்வோமா மக்ளே?" என்று கேட்டேன். "எல்லாரும் சிரிப்பாங்கம்மா" என்றான். எட்டு வயதில் அவனுக்கு அது தெரிந்துவிட்டது.

ஆக, வீணான பொருளை வாங்கக் கடைக்குப் போனேன். ஐஸ் குச்சி ஐம்பது கொண்ட ஒரு பாக்கெட், அதில் ஒரு குச்சியைக்கூட எந்தப் பிள்ளையும் நக்கியது கிடையாது. புத்தம் புதிய காகிதக் கப் ஒரு அடுக்கு. தெர்மாகோல் அட்டை, ஜிகினாத் தூள் மூன்று நிறம், சார்ட் பேப்பர், பஞ்சு, சூடாக உருகி வருகிற பசைத் துப்பாக்கி ஒன்று. அறுநூற்று நாற்பது ரூபாய். அந்தப் பொருளெல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் உண்மையிலேயே வீணாகப் போகின்றன.

இதில் ஒரு வேடிக்கை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பொருட்களின் பட்டியலில் தெர்மாகோல் கப்பும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் இருக்கின்றன. டீக்கடைக்காரர் அதில் டீ கொடுத்தால் அபராதம். அதையே என் பையன் கவிழ்த்து வைத்துப் பஞ்சு ஒட்டினால் சுற்றுச்சூழல் விழிப்புணர்வு! ஜிகினாவும் அப்படித்தான், பொடிப் பொடியான பிளாஸ்டிக். ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் அந்தத் தூள் விற்பனைக்குத் தடை போட்டுவிட்டது. நம் ஊரில் அது இட்லி மாவில் கிடைக்கிறது. மிகைப்படுத்தவில்லை, மறுநாள் மாவுச் சட்டியில் பச்சை மினுக்கலைப் பார்த்தது நான். பொங்கல் வரைக்கும் என் வீட்டுக்காரர் காதோரம் மின்னிக்கொண்டுதான் அலுவலகம் போனார்.

அந்தக் கடைக்காரரை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். இந்த ஊரிலேயே விவரம் தெரிந்த ஆள் அவர்தான். கல்லாவுக்குப் பின்னால் ரெடிமேட் குடில் பத்துப் பதினைந்து அடுக்கி வைத்திருந்தார், ஒன்று நானூற்று ஐம்பது. நான் ஐஸ் குச்சியை எண்ணிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பாவப்பட்டுச் சொன்னார்: "எதுக்கு அக்கா கஷ்டப்படுதிய? இதை எடுத்துக்கிடுங்க. கூரையைக் கொஞ்சம் கோணலா ஒட்டித் தாரேன், பிள்ளை செஞ்ச மாதிரியே இருக்கும்."

எடுத்துக்கொள்ளவில்லை. அப்போது எனக்கு ரோஷம் இருந்தது.

வியாழன் இரவு அந்த ரோஷத்துக்குக் கிடைத்த கூலியைச் சொல்கிறேன். வெளியே அடைமழை. டிசம்பர் மழையில் இந்தப் பக்கம் துணியே காயாது, கோந்து எங்கே காயும்? சார்ட் பேப்பர் ஈரக்காற்றில் அப்பளம் நமுத்த மாதிரி தொய்ந்துவிட்டது. கூரையை ஒட்டினால் சுவர் சாய்கிறது, சுவரைப் பிடித்தால் கூரை வழுக்குகிறது. பையன் பக்கத்தில் உட்கார்ந்து ஆசையாகக் கையை நீட்டினான். "தொடாத மக்ளே, சுட்டுரும்." மாட்டைத் தூக்கினான். "அதை வை, பெயிண்ட் காயலை." ஜிகினா டப்பாவைத் திறந்தான். "கொட்டிராத! இங்க கொண்டா!" கடைசியில் டேப்பைத் துண்டு துண்டாகக் கிழித்து என் முழங்கையில் ஒட்டி வைக்கிற வேலையைக் கொடுத்தேன். பத்தரைக்கு டேப்போடு தூங்கிவிட்டான். பதினொன்றே காலுக்குப் பசைத் துப்பாக்கியின் மூக்கு நுனி என் ஆள்காட்டி விரலில் பட்டது. அந்தப் பசை மற்ற சூடு மாதிரி இல்லை, உதறினாலும் போகாது. தோலோடு ஒட்டிக்கொண்டு நிதானமாகச் சுடும், பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். குழாயடியில் விரலை நீட்டிக்கொண்டு, மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவரிடம் நான் பேசிய பேச்சு ஜெபத்தில் சேருமா தெரியாது.

முதல் குடில் வைத்த அசிசி பிரான்சிஸை வேறு இழுத்தேன். பாவம், அவர் 1223-இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் வைத்தது வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை, அவ்வளவுதான். ஜிகினா கேட்டது அவர் இல்லை.

வெள்ளிக்கிழமை கண்காட்சி. மேசை மேசையாகக் குடில். ஒன்றில் பேட்டரி மோட்டார் வைத்து அருவி ஓடுகிறது. இன்னொன்றில் லேசர் வெட்டு பலகையில் பிள்ளையின் பெயர் ஆங்கிலத்தில். கடைக்காரரின் கோணல் கூரை மட்டும் நான்கு எண்ணினேன், நான்கும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் "நானே செய்தேன்" என்று எழுதிய அட்டை. நடுவர் அம்மா என் பையனிடம் குனிந்து "எப்படிச் செய்தாய் கண்ணா?" என்று கேட்டார். "எங்க அம்மா செஞ்சாங்க. நான் டேப் கிழிச்சுக் கொடுத்தேன்" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பரிசு அருவிக்குப் போனது. எனக்குக் கோபம் யார் மேல் வந்தது தெரியுமா? பிள்ளை மேல். அந்த மண்டபத்திலேயே உண்மை சொன்ன ஒரே ஆள் அவன்தான். அவனைப் பார்த்து ஸ்கூட்டரில் வரும் வழியெல்லாம் "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா" என்று கேட்டிருக்கிறேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

நட்சத்திரம் பள்ளிக்கூடத்தில் செய்கிற பழக்கமே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஜெர்மனியில் நீஸ்கி என்ற ஊரில், மொரேவியன் என்ற கிறிஸ்தவ சபையாரின் பள்ளியில், 19-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் வடிவியல் பாடத்துக்காகப் பையன்கள் தாளில் கூர்கூராக மடித்துச் செய்ததுதான் மொரேவியன் நட்சத்திரம். இன்றைக்கு உலகம் முழுக்கத் தொங்குகிறது. ஆனால் அது உறைவிடப் பள்ளி. உட்கார்ந்து ஒட்டிக் கொடுக்க அம்மா பக்கத்தில் இல்லை!

எங்கள் அப்பா நாகர்கோவில் பக்கத்தில் வீட்டு முற்றத்தில் வருடா வருடம் நட்சத்திரம் கட்டுவார். ஒரே நீளத்தில் பத்து மூங்கில் குச்சி. ஐந்தைக் குறுக்கும் மறுக்குமாகக் கோத்தால் ஒரு நட்சத்திரம், மீதி ஐந்தில் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனையிலும் சணலால் கட்டிவிட்டு, நடுவில் குச்சிகள் வெட்டிக்கொள்ளும் ஐந்து இடத்திலும் சின்னக் குச்சியை முட்டுக்கொடுத்தால் வயிறு உப்பி நிற்கும். முனை கட்டுவது எங்கள் வேலை, எனக்கு மூன்று, தம்பிக்கு இரண்டு. அவிழ்ந்துபோகும். "அவிழ்ந்தா திரும்பக் கெட்டு" என்பார், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அம்மா மைதாவைக் காய்ச்சி, கரப்பான் அரிக்காமலிருக்கத் துளி மயில்துத்தம் போட்டுத் தருவாள். பட்டம் விடும் தாளை நாங்கள் ஒட்டுவோம், கிழிப்போம், கிழிந்த இடத்தில் கிடைத்த நிறத்தை ஒட்டுவோம். ஒரு வருடம் சிவப்பு நட்சத்திரத்தில் ஏழு இடத்தில் பச்சை ஒட்டு. உள்ளே நாற்பது வாட் குண்டு பல்பை எரியவிட்டால் அந்த ஏழும்தான் முதலில் கண்ணில் படும். தெருவே பார்க்கும்படி வாசலில் தொங்கவிட்டார்.

குடிலுக்குப் புல் வளர்ப்பதும் அப்படித்தான். டிசம்பர் பத்து தேதி வாக்கில் தாம்பாளத்தில் மண் பரப்பி, கேழ்வரகைத் தூவச் சொல்லிப் பிள்ளைகள் கையில் கொடுப்பார்கள். ஒரு பக்கம் காடாக முளைக்கும், ஒரு பக்கம் வழுக்கை. வழுக்கையில் மணல் கொட்டிப் பாலைவனம் என்று சொல்லி ஒட்டகத்தை நிறுத்திவிடுவோம். முந்திரிக்கொத்துக்கு வறுத்த சிறுபயறு மாவில் பாகு ஊற்றினால் ஆறுவதற்குள் உருட்டியாக வேண்டும், அதற்கு வீட்டில் உள்ள எல்லாக் கையும் வேண்டும். எங்கள் உருண்டை கோலிக்குண்டு அளவில் ஒன்று, எலுமிச்சை அளவில் ஒன்று. பெரியவர்கள் அதையும் சேர்த்து மாவில் முக்கி எண்ணெயில் போட்டார்கள். பலகாரத் தட்டில் பக்கத்து வீட்டுக்கும் போனது. அன்றைக்குப் பிள்ளைகளின் கை தேவைப்பட்டது. இன்றைக்கு "கைப்படச் செய்தது" என்று அட்டையில் எழுத மட்டும் தேவைப்படுகிறது.

"பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து நேரம் செலவிடத்தானே இதெல்லாம்" என்று ஒரு பதில் வரும். தெரியும். சேர்ந்து செலவிட்ட நேரத்தில் நான் "தொடாத" என்று எத்தனை தடவை சொன்னேன் என்று என் பையனைக் கேளுங்கள். மிஸ்ஸையும் முழுதாகத் திட்ட மனசு வரவில்லை, அவரிடம் மேலே இருந்து யாரோ பள்ளிப் பக்கத்தில் போட போட்டோ கேட்கிறார்கள். போட்டோவில் கோணலான குடில் நன்றாக இருக்காது. கோணல் கூரை விற்பவரிடம் வாங்கினால் இருக்கும், அது வேறு விஷயம்.

ரீல்ஸ் அம்மாக்களைப் பற்றி ஒரே வரி: வெள்ளைச் சோபாவில் மூன்று வயதுக் குழந்தைக்குச் சிவப்பு பெயிண்ட் கொடுத்து "ஐந்தே நிமிடத்தில்" என்கிறார்களே, ஆறாவது நிமிடத்தை ஒருநாள் காட்டுங்கள் தாயே.

இந்த வருடச் செய்தி முந்தாநாள் இரவு வந்துவிட்டது. அதே வாசகம், பனிமனிதனுக்கு மட்டும் தொப்பி மாறியிருக்கிறது. "நன்றி மிஸ்" போட்டேன். கடைக்குப் போகவில்லை. தென்னந்துடைப்பத்திலிருந்து ஒரு கைப்பிடி ஈர்க்கு, போன மாதத்துச் செய்தித்தாள், தையல் நூல்கண்டு, கிண்ணத்தில் மைதாப் பசை, எல்லாவற்றையும் முற்றத்தில் வைத்துவிட்டு அவனிடம் "கட்டு" என்று சொல்லி அடுக்களைக்குள் போய்விட்டேன். போகிறது ரொம்பக் கஷ்டம். இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன், நூல் சிக்கியிருந்தது, எடுத்துவிடக் கை பரபரத்தது. தேங்காய் துருவ உட்கார்ந்துகொண்டேன். தேவையே இல்லாமல் இரண்டு மூடி துருவிவிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்துத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். முழங்கை வரை பசை, நெற்றியில் ஒரு துண்டு ராசிபலன் ஒட்டியிருக்கிறது. நட்சத்திரத்துக்கு நாலு முனைதான் இருந்தது.

"அஞ்சாவது எங்க மக்ளே?"

"பின்னாடி இருக்கும்மா. இங்க இருந்து பார்த்தா தெரியாது."

வெள்ளிக்கிழமை அதுதான் போகிறது.