சாமி ஒருவரின் கண்ணையும் குத்தவில்லை

"பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்" என்று சின்னப் பிள்ளைகளை வெருட்டுகிற பெரியவர்களே, தயவு செய்து இதோடு நிறுத்துங்கள். வயிறு எரிந்துதான் எழுதுகிறேன்.

போன கிழமை விசுவமடுவில் எங்கள் வீட்டில் நடந்தது. ஐந்து வயது மகள் பால்மாப் பேணியைத் திறந்து அள்ளித் தின்றுவிட்டு, உதட்டோரத்தில் மா ஒட்டியிருக்க, "நான் எடுக்கேல்லை" என்றாள். வந்திருந்த மாமி உடனே இரண்டு விரலைக் கவர்த் தடி மாதிரி விரித்து அவள் கண்ணுக்கு நேரே நீட்டி அந்த வசனத்தைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். முன்பள்ளியிலும் இதே கதைதான். ஒரு பிள்ளை வாய் தவறிவிட்டால் போதும், மற்றதுகள் சுற்றி நின்று "புளுகி, புளுகி, சாமி குத்தும்" என்று விரலை நீட்டுதுகள்; கேட்டால் பகிடிக்குத்தானே என்கிறார்கள்.

மகள் அழவில்லை. நேரே விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்த அம்மப்பாவிடம் போய், "அம்மப்பா, நீங்க என்ன பொய் சொன்னீங்கள்?" என்று கேட்டாள்.

என் அப்பாவுக்கு இடது கண் இல்லை. 2009 தொடக்கத்தில், போர் நடந்தபோது, சுதந்திரபுரத்தில் விழுந்த எறிகணையின், அதுதான் செல்லின், துண்டோடு போனது. வன்னியில் இப்படிக் கண்ணும் காலும் போனவர்கள் எத்தனை பேர், அவர்கள் எல்லாரும் புளுகர்களா? பிள்ளையின் கணக்கில் அப்படித்தான் வரும், சொல்லிக்கொடுத்தது நாங்கள்தானே. அப்பா ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தின் நுனியால் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

இது சமயத்தில் உள்ளதுதான் என்று மாமி வாதாடினார். சரி, என்ன உள்ளது என்று பார்ப்போம். சுந்தரர் திருவொற்றியூரில் மகிழ மரத்தடியில், பிரியமாட்டேன் என்று, தான் மணக்கவிருந்த சங்கிலியாருக்குச் சத்தியம் செய்துகொடுத்துவிட்டு, அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டியபோது இரண்டு கண்ணும் தெரியாமல் போயின. பிறகு? திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கொடுத்து, காஞ்சியில் இடக்கண்ணையும் திருவாரூரில் வலக்கண்ணையும் திருப்பிக் கொடுத்ததும் அதே சிவன்தான். எங்கள் மன்னார்த் திருக்கேதீச்சரத்துக்குப் பதிகம் பாடியவரும் இந்தச் சுந்தரர்தான். அவர் தேவாரத்தைப் பிள்ளைகளுக்குப் பாடமாக்கிக் கொடுக்கிறோம், ஆனால் கண் போன பாதிக் கதைதான் எங்கள் வாயில் வருகிறது.

மூத்தவனுக்கு ஒன்பது வயது. "நான் எத்தினை பொய் சொல்லிப்போட்டன், ஒண்டும் குத்தேல்லை" என்று தங்கச்சிக்கு ஆறுதல் சொல்கிறான். துணிந்த பிள்ளை இப்படித் தேறிவிடும், மனம் இளகின பிள்ளைதான் கிடந்து வதைபடும். அவள் இப்போது தலையணையில் முகத்தைப் புதைத்து, இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு குப்புறப் படுக்கிறாள். நித்திரையிலும் அந்தக் கையை எடுத்துவிட முடியவில்லை. ஒரு கரண்டி பால்மாவுக்கு இவ்வளவு தண்டனையா? "தின்டனியே, சரி, இனிக் கேட்டு எடு" என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்குமே!

செல் விழுந்த அன்றைக்குப் பங்கருக்குள் எங்களை அணைத்துக்கொண்டு, "பயப்பிடாதேங்கோ, அது தூரத்திலதான் விழுது" என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்குத் தெரிய அவர் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதற்குத்தான் அம்மப்பாவின் கண் போனது என்று மகளிடம் சொல்லட்டா, மாமி?