டிரையர் நின்றுபோனால் முதலில் பின்மூடியைத் திறங்கள்

ஐப்பசி பிறந்துவிட்டால் திருநெல்வேலியில் வீட்டுக்கு வீடு இதே பேச்சுதான், துணி காயவில்லை. மற்ற மாதங்களில் நமக்கு இந்தக் கவலையே கிடையாது, பாளையங்கோட்டை வெயிலில் காலையில் கொடியில் போட்டதை மதியச் சோற்றுக்கு முன்னாடி மடித்து வைத்துவிடலாம். மழை தொடங்கினால் தார்சாவில் கயிறு கட்டி பள்ளிக்கூட யூனிஃபார்மும் சாரமும் போர்வையும் நாள்கணக்கில் தொங்கும், வீடே முடை நாற்றம் அடிக்கும். அப்போது நம்மைக் காப்பாற்றுவது செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில் இருக்கும் அந்தச் சின்ன டிரையர் தொட்டிதான். அதுவும் மழைக்காலம் பார்த்துத்தான் நிற்கிறது. காரணம் இருக்கிறது. வருஷம் முழுக்கப் பேருக்கு ஓடிய டிரையர் அப்போது தினமும் கனமான துணியோடு ஓடுகிறது, மழைக்கு ஒதுங்கி வீட்டுக்குள் வரும் எலி மெஷினுக்கு அடிவழியாகப் புகுந்து வயரைக் கடிக்கிறது.

நின்றதும் என்ன செய்கிறோம்? யாரையாவது கூப்பிடுகிறோம். எங்கள் வீட்டுக்கு வந்தவர் பின்மூடியைக் கழற்றக்கூட இல்லை, சுவிட்சைத் திருகிப் பார்த்துவிட்டு "மோட்டார் போயிட்டுக்கா, இதுக்குச் செலவு பண்ணாதிய, எக்ஸ்சேஞ்சுல போட்டுட்டுப் புதுசு எடுத்துருங்க" என்றார். மோட்டார் போகவில்லை, மோட்டாரைச் சுற்றக் கிளப்பிவிடுகிற கண்டென்சர்தான் போயிருந்தது. நூறு, இருநூறு ரூபாய் சாமான். நானே மாற்றினேன், இன்றைக்கும் ஓடுகிறது. அன்றிலிருந்து தெரிந்தவர்கள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இப்போது இங்கேயும் எழுதுகிறேன். யாரையும் கூப்பிடுவதற்கு முன்னால் நீங்களே திறந்து பாருங்கள். குறிப்பாக, தினமும் அந்த மெஷினில் துணி போடுகிற பெண்கள் திறந்து பாருங்கள்.

உள்ளே பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மூன்று ஸ்பிரிங் கால்மேல் ஒரு மோட்டார் நிற்கும், அதன் தண்டு நேராக மேலே துணித் தொட்டியோடு சேர்ந்திருக்கும். துவைக்கிற பக்கம் மாதிரி பெல்ட் கூடக் கிடையாது. மோட்டார் தலையில் ஒரு சக்கரம், அதை ஒட்டி சைக்கிள் பிரேக் கட்டை மாதிரி ஒரு கட்டை. மேல்மூடியை மூடினால் ஒரு கம்பி இழுபட்டு அந்தக் கட்டை விலகும், திறந்தால் கட்டை வந்து சக்கரத்தைப் பிடிக்கும். மூடிக்கு அடியில் ஒரு சுவிட்ச், முன்னால் ஒரு டைமர், ஓரமாக ஒரு கண்டென்சர். அவ்வளவுதான்.

என்ன கோளாறு என்பதை முக்கால்வாசி அது போடுகிற சத்தமே சொல்லிவிடும். சத்தமே இல்லை, ஆனால் துவைக்கிற பக்கம் ஓடுகிறது என்றால் கரண்ட் மெஷின் வரைக்கும் வந்துவிட்டது, டிரையர் மோட்டாருக்குப் போகவில்லை என்று அர்த்தம், அப்போது எலி கடித்த வயர், மூடி சுவிட்ச், டைமர் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். உம்மென்று உறுமுகிறது, சுற்ற மாட்டேன் என்கிறது என்றால் உடனே நிறுத்திவிடுங்கள், அப்படியே விட்டால் நல்ல மோட்டாரும் கருகிப் போகும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மேல்மூடியை மூடி வைத்து, பின்பக்கம் கைவிட்டு அந்தச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் பிரேக் கட்டை விலகவில்லை, கம்பி தளர்ந்திருக்கும் அல்லது அறுந்திருக்கும். இல்லையென்றால் கைக்குட்டையோ குழந்தையின் சாக்ஸோ உள்தொட்டிக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவில் விழுந்து சுற்றிக்கொண்டிருக்கும், இது நடப்பது நீங்கள் நினைப்பதைவிட அதிகம். சக்கரம் லேசாகச் சுற்றுகிறது, ஆனாலும் மோட்டார் உறுமிவிட்டு நிற்கிறது என்றால் முதல் சந்தேகம் கண்டென்சர்மேல்தான். பழையதை அப்படியே கடைக்குக் கொண்டுபோய், அதில் எத்தனை மைக்ரோஃபாரட், எத்தனை வோல்ட் என்று போட்டிருக்கிறதோ அதையே கேட்டு வாங்குங்கள். "கொஞ்சம் கூடுதலா இருந்தா நல்லா இழுக்கும்க்கா" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், மோட்டார் சூடாகிச் சீக்கிரம் போய்விடும்.

சுற்றுகிறது, ஆனால் துணி சொட்டச் சொட்ட வருகிறது என்றால் தண்ணீர் வெளியே போகிற குழாயை முதலில் பாருங்கள். நூல் அடைத்திருக்கும், இல்லாவிட்டால் குழாயைத் தூக்கிக் கட்டியிருப்பார்கள். அடியில் மோட்டார்மேல் தண்ணீர் சொட்டுகிறது என்றால் ரப்பர் சீல் கிழிந்திருக்கும், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஜாக்கிரதையைப் பற்றி எழுதாமல் விட முடியாது. சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் கரண்ட் தேங்கி இருக்கலாம், ஹோல்டரில் குண்டு பல்பை மாட்டி, ஹோல்டரின் இரண்டு வயரையும் அதன் இரண்டு முனையிலும் தொட வைத்து இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மெஷின் உடம்பைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்றால் அன்றைக்கு நீங்கள் திறக்கவே கூடாது, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். டவுன் பக்கம் பழைய வீடுகளில் மூன்று பின் சாக்கெட் இருக்கும், எர்த் ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. கரண்ட் கசிந்தால் உடனே தானே அணைந்துவிடுகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் ஒன்று போர்டில் போட்டுவிடுங்கள், ஈரத்தில் நின்று மெஷின் ஓட்டுகிறவர்களின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது ஒரு விஷயத்தில். மூடி சுவிட்ச் கெட்டுப்போனால் புதுசு மாற்றாமல் இரண்டு வயரையும் முறுக்கி டேப் சுற்றிவிட்டு "இனி பிரச்சனையே வராது" என்று போகிறார்கள். அந்தத் தொட்டி நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. மூடியைத் திறந்தாலும் கரண்ட் போய்க்கொண்டே இருந்தால், உள்ளே கைவிடுகிற குழந்தையின் விரலைத் துணி சுற்றி இழுத்துவிடும். உங்கள் வீட்டு மெஷினில் இப்படிச் செய்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். செய்திருந்தால், மாற்றும்வரை டிரையரை ஓட்டாதீர்கள்.

துபாயில் இருக்கும் என் மதினி வீட்டில் வேறு வகை, சூடான காற்று ஊதித் துணியை முழுசாகக் காயவைக்கிற மெஷின். "சுத்துது, சூடே வரமாட்டேங்கு" என்று போனில் சொன்னாள். அதற்கும் இதே கதைதான். நூல்பஞ்சு சேர்கிற வடிகட்டியையும் காற்று வெளியே போகும் வழியையும் சுத்தம் செய்யாவிட்டால் சூடு உள்ளேயே தங்கி, பாதுகாப்புக்கு வைத்திருக்கிற வெப்ப ஃபியூஸ் போய்விடும். அந்த ஃபியூஸை மாற்றலாம், ஆனால் அடைப்பை எடுக்காமல் மாற்றினால் மறுபடியும் போகும். ஃபியூஸே வேண்டாம் என்று வயரை நேராகச் சேர்த்தால் பஞ்சு தீப்பிடிக்கலாம்.

2023 டிசம்பர் வெள்ளம் நமக்கு மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, இங்கே தாமிரபரணி ஜங்ஷனுக்குள்ளும் சிந்துபூந்துறை, கைலாசபுரம் வீடுகளுக்குள்ளும் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு தெருவோரம் மெஷின்களாகக் கிடந்ததைப் பார்த்து வயிறு எரிந்தது. அதில் எல்லாமே செத்த மெஷின் இல்லை. தண்ணீரில் மூழ்கிய மோட்டாரை அப்படியே கரண்டில் போட்டால்தான் அது சாகும். சேற்றை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, பல நாள் வெயிலில் உலர்த்தி, மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான காயிலுக்கும் மோட்டார் உடம்புக்கும் தொடர்பு இல்லை என்று வேலை தெரிந்த ஒருவர் சோதித்த பிறகு போட்டால் பிழைக்க வாய்ப்பு உண்டு. காயில் கட்டுகிற கடைகள் நம் ஊரில் இன்னும் இருக்கின்றன. கடனில் வாங்கின மெஷினைக் குப்பையில் போட்டுவிட்டு, மறுபடி கடன் வாங்கி இன்னொன்று வாங்கிய குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

இதெல்லாம் வீட்டோடு முடிகிற விஷயமும் இல்லை. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது, அந்த டிசம்பரில் அதற்கென்று ஓர் இணையதளமும் திறந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் சட்டமே போட்டுவிட்டது, வாஷிங் மெஷின், டிரையர் எல்லாம் அதில் வருகின்றன. நம் ஊரிலும் சட்டம் வர வேண்டும். உதிரி சாமானும் வயரிங் படமும் எல்லாருக்கும் கிடைக்க வேண்டும். ஆனால் பின்மூடியில் இருக்கும் நாலு ஸ்குரூவைக் கழற்ற எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்க வேண்டாம்.

"பொம்பளைக்கு எதுக்குட்டி இந்த வேலை" என்று எங்கள் ஆச்சி முதலில் கேட்டாள். தையல் மெஷினைப் பிரித்து எண்ணெய் விட்டு மாட்டியவள்தான் அவளும். அம்மியும் உரலும் கொத்துவதற்கு ஆள் வர வேண்டும், இதற்கு வேண்டாம். எந்தச் சத்தம் புதுசு, எந்த ஆட்டம் நேற்று இல்லை என்று மெஷினோடு புழங்குகிறவளுக்குத்தான் தெரியும், மாதம் ஒருமுறை கூடத் தொடாத ஆணுக்காக அவள் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை.

என்னிடம் வயர் அறுந்திருக்கிறதா என்று சோதிக்கிற ஒரு மல்டிமீட்டரும் ஸ்டார் ஸ்குரூடிரைவர் செட்டும் இருக்கின்றன. பாளையங்கோட்டைப் பக்கம் இருக்கும் தோழிகள் யாருக்காவது தேவைப்பட்டால் உள்பெட்டியில் சொல்லுங்கள், தருகிறேன். முதல் தடவை பயமாக இருந்தால் கூடவே வருகிறேன், ஆனால் ஸ்குரூவை நீங்கள்தான் கழற்ற வேண்டும். மெஷினுக்கு அடியில் எலிக்குத் தடுப்பாகக் கம்பிவலை இன்னும் கட்டாதவர்கள் இந்த வாரமே கட்டிவிடுங்கள், மழை வரப்போகிறது.