சாலியன் நாவலின் தெய்வங்கள் மனிதரைப் பொம்மைகளாக ஆட்டுவதில்லை

லோயிஸ் மெக்மாஸ்டர் புஜோல்டின் ‘த கர்ஸ் ஆஃப் சாலியன்’ (2001) என்ற மிகுகற்பனை நாவலில் ஐந்து தெய்வங்களே எல்லாவற்றையும் நடத்துகின்றன, மனிதர்கள் வெறும் பொம்மைகள், கதையில் வரும் மதப் பகை வெறும் பின்னணி என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். நம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் அருள் வந்து ஆடுபவரை அதற்கு உதாரணமும் காட்டியிருக்கிறார். கதை சொல்வது நேர் எதிரானது.

அந்த உலகில் தெய்வங்களால் ஒரு இலையைக்கூடத் தாமாக அசைக்க முடியாது. மனிதர் ஒருவர் மனமுவந்து இடம் கொடுத்தால்தான் அவை உள்ளே வர இயலும். ஐந்தாம் தெய்வத்தின் அருள்பெற்ற உமேகாத் என்பவர் கோப்பையைக் கவிழ்த்து வைத்து, அதன் அடிவழியே மதுவை ஊற்ற முடியாது என்று விளக்கும் இடம் இருக்கிறதே, நாவலின் இறையியல் முழுவதும் அங்கே இருக்கிறது. கவிழ்ந்த கோப்பையில் எதுவும் நிரம்பாது. நாவலின் நாயகன் காசரில் படும் பாடெல்லாம் அந்தக் கோப்பையை நிமிர்த்தும் பாடுதான். அதை விதி என்று சொல்லிக் கடந்துபோவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

நண்பரே, உங்கள் உதாரணத்திலும் எனக்கு உடன்பாடில்லை. காப்புக் கட்டி விரதம் இருப்பவர் தாமே முன்வந்து தம்மைத் தயார்செய்துகொள்கிறார். அவரைக் கருவி என்று எப்படிச் சொல்வது?

மதப் பகை வெறும் பின்னணி என்பதும் சரியல்ல. நான்கு தெய்வங்களை மட்டுமே வணங்கும் எதிர்த்தரப்பினர் ஐந்தாம் தெய்வத்தைப் பேயாகவே கருதுகிறார்கள். உமேகாத்தின் வாழ்க்கையைச் சிதைத்தது அந்தப் பகை.

தெய்வங்கள்மீது உங்களுக்குக் கோபம் என்றால் இதன் தொடர்ச்சியான ‘பாலடின் ஆஃப் சோல்ஸ்’ (2003) நாவலைப் படியுங்கள். அதன் நாயகி இஸ்டாவுக்கு உங்களைவிடக் கோபம் அதிகம்.