தீவிரப் பெண்ணியம் வேறு, தீவிரவாதம் வேறு

"பெண்ணியம் என்பது ஒன்றுதான், அது ஆண்களை வெறுக்கும் தீவிரவாதம், தோட்டப் பெண்களுக்கு அதில் எதுவும் இல்லை" என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கும் மூன்று கூற்றுகளும் தவறானவை. "தீவிரப் பெண்ணியம்" என்னும் மொழிபெயர்ப்பே இக்குழப்பத்திற்குக் காரணம் என எண்ணுகிறேன். அதன் ஆங்கில மூலச்சொல்லான "radical", வேர் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. ஆணாதிக்கத்தையே ஒடுக்குமுறையின் வேராகக் கண்டு, அதைக் களைய வேண்டும் என்னும் பிரிவையே அது குறிக்கிறது, வன்முறையை அல்ல. தாராளவாதப் பெண்ணியமோ வாக்குரிமை, கல்வி, சட்டச் சமத்துவம் ஆகியவற்றை முன்வைக்கிறது.

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான நம் மலையகத்துக்கு மிக நெருக்கமானவை மார்க்சிய, சோசலிசப் பெண்ணியங்களே. விடியுமுன் எழுந்து லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு) அடுப்பை மூட்டிச் சமைத்து, பிள்ளைகளை ஆயத்தப்படுத்திவிட்டு, வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக்களத்துக்கு ஓடி, நாள் முழுதும் கொழுந்து பறித்து, நிறை குறைந்தால் அரைப்பேருடன் (அரைநாட் கூலியுடன்) திரும்பும் பெண்ணின் வீட்டு உழைப்புக்கு ஏன் கூலியே இல்லை, அதன் இலாபம் யாருக்குப் போகிறது என்று கேட்பவை இவைதாம். தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்கூலி 1984இல்தான் வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே மலையகத் தொழிற்சங்கவாதி மீனாட்சியம்மாள் நடேசய்யர் பெண்ணுரிமைக்காக எழுதியும், தொழிலாளரிடையே பாடியும் இயங்கியதை நாம் மறக்கலாகாது.

இனம், வர்க்கம், பால் ஆகியவை ஒன்றோடொன்று பின்னிப்பிணைந்து ஒடுக்குவதைக் குறிக்க 1989இல் அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா "intersectionality" என்னும் தனிச் சொல்லையே உருவாக்கினார். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்த இந்நாட்டில், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின் மலையகத் தமிழ்ப் பெண் குடியுரிமை, வாக்குரிமை என இழந்தவற்றைப் "பெண்" என்ற ஒற்றைச் சொல்லால் மட்டும் விளக்க இயலாது.