பேஸ் கிட்டார் மாப்பிள்ளை கரையில் இருக்கும் 61 நாள்

போன ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியம்மா கேட்டாள்: "ஏன்டா, இன்னிக்கு நன்மைப் பாட்டு கேதவீட்டுப் பாட்டு மாதிரி இருந்துச்சு? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

பெரியம்மாவுக்கு முட்டி வலி. கோயிலுக்கு வந்து நான்கு வருஷம் ஆகிறது. கோபுரத்துக் குழாய் ஸ்பீக்கரில்தான் அவளுக்குப் பூசை. நானோ அன்றைக்குத்தான் கீபோர்டில் என் வாழ்நாளிலேயே அழகான கார்டுகளை (சேர்த்து அமுக்கும் சுரக் கூட்டுகளை) பிடித்துவிட்டோம் என்ற மிதப்பில் வந்திருந்தேன். சி மேஜர் நைன்த். (கீபோர்டில் சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி என்றால் நம் ஸ ரி க ம ப த நி.) கேட்டால் மார்கழி விடியல் மாதிரி இருக்கும். அதைப் போய்க் கேதவீடு என்கிறாளே என்று கோபம்கூட வந்தது.

இரண்டு நாள் மண்டையைக் குடைந்தது. புதன்கிழமை பயிற்சியின்போது பையன் ஒருவனைக் கீபோர்டில் உட்கார வைத்து, "இ, ஜி, பி, டி நாலையும் பிடிச்சுக்கிட்டே இரு, நான் சொல்ற வரைக்கும் விடாத" என்று சொல்லிவிட்டு, குழாயைப் போடச் சொல்லி, பெரியம்மா திண்ணை வரைக்கும் நடந்து போய் நின்று கேட்டேன். பெரியம்மா சொன்னது சரி. வெளியே கேட்டது சி மேஜரே இல்லை, அச்சு அசல் இ மைனர் செவன்த், சோகமாகக் கேட்கும் கார்டு.

காரணம் ரொம்பச் சின்னது. இப்போது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. எங்கள் பேஸ் கிட்டார்காரன் (அடி ஸ்தாயிச் சுரத்தைத் தட்டுகிறவன்), முறைக்கு எனக்கு மாப்பிள்ளை, போட்டில் வேலை பார்ப்பவன். மற்ற மாதங்களில் சனிக்கிழமை டோக்கன் வாங்கிப் போனால் ஞாயிறு விடியத்தான் கரை. பூசைக்கு வந்தாலும் பாதித் தூக்கத்தில் கடைசி பெஞ்சில் சாய்ந்திருப்பான். தடைக்காலத்தில்தான் வாராவாரம் கிட்டாரோடு முழுசாகக் கிடைப்பான். (என் கீபோர்டும் 61 கீ. இதில் ஏதோ இருக்கிறது என்று மாப்பிள்ளை நம்புகிறான். நான் நம்பவில்லை.)

அவன் சி-யைத் தட்ட, நான் அதை விட்டுவிட்டு மேலே இ, ஜி, பி, டி மட்டும் பிடிக்கிறேன். கோயிலுக்குள் இரண்டும் சேர்ந்து சி மேஜர் நைன்த். ஆனால் மாப்பிள்ளையின் கிட்டார் தனி ஆம்பிளிஃபயரில் ஓடுகிறது, குழாய்க்கு அது போவதே இல்லை. குழாய்க்குப் போவது மைக்கும் கீபோர்டும்தான். அடியில் சி இல்லாத அந்த நான்கு சுரத்துக்குப் பெயர் இ மைனர் செவன்த். உள்ளே இருந்தவர்களுக்கு விடியல், திண்ணையில் இருந்தவளுக்குக் கேதவீடு.

இந்தப் பதிவை எழுதுவதே இதற்காகத்தான். இன்று நம் பக்கத்துக் கோயில்களில் கீபோர்டு வாசிக்கும் பிள்ளைகள் எல்லோரும் போனில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் கோயில் இசையான காஸ்பல் வாசிப்பைப் பார்த்துவிட்டு அதே கார்டுகளைத் தேடி ஓடுகிறார்கள். ஓடட்டும், நானும் ஓடியவன்தான். 'முப்பது நாளில் காஸ்பல் கார்டு' என்று ஒருவர் இணையத்தில் விற்ற பாடத்துக்கு 1,500 ரூபாய் கட்டினேன். வந்தது இருநூறு கார்டு பெயர் போட்ட ஒரு பட்டியல். எந்தக் கார்டை யார் கூட இருக்கும்போது பிடிக்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை. என் கருத்தில் பாடமே அந்த ஒரு வரிதான். கார்டின் பெயர் உன் பத்து விரலுக்குள் முடிவாவதில்லை. பக்கத்தில் பேஸ் வாசிப்பவன், எதிரில் பாடுகிறவர்கள், அது வெளியே வரும் பெட்டி எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன.

அந்த வீடியோக்களையே கவனித்துப் பாருங்கள். ஹாமண்ட் ஆர்கன் 1935-ல் விற்பனைக்கு வந்தது. அதை வாசிப்பவருக்குக் காலடியிலேயே பெடல் இருக்கிறது, பேஸ் அங்கே ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் பேஸ் கிட்டாரும் இருக்கும். அதனால்தான் மேலே கை அவ்வளவு சுதந்திரமாகப் பறக்கிறது. ஜாஸிலும் இதே கதைதான். 1950-களின் கடைசியில் பில் எவன்ஸ் போன்ற பியானோக்காரர்கள் இடது கையில் வேர்ச் சுரத்தை (கார்டுக்குப் பெயர் தரும் சுரத்தை) விட்டுவிட்டு வாசித்தார்கள் என்றால், பக்கத்தில் ஸ்காட் லஃபாரோ மாதிரி ஒருவர் டபுள் பேஸோடு நின்றதால் முடிந்தது. நாமோ பேஸ்காரன் கடைசி பெஞ்சில் தூங்கும் ஞாயிற்றுக்கிழமையில் அதைக் காப்பியடிக்கிறோம்.

சரி, புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். இருநூறு வேண்டாம், இரண்டு விரல் போதும். டி மைனர் செவன்த், ஜி செவன்த், சி மேஜர் செவன்த். இந்த மூன்றும் ஜாஸ், காஸ்பல் இரண்டிலும் அன்றாடச் சோறு. இடது கையில் டி, ஜி, சி என்று பேஸ் மட்டும் தட்டுங்கள். வலது கையில் முதல் கார்டுக்கு எஃப்பும் மேல் சி-யும். இரண்டாவதற்கு எஃப் அப்படியே இருக்கட்டும், சி மட்டும் அரைச் சுரம் இறங்கி பி ஆகட்டும். மூன்றாவதற்கு பி அப்படியே, இப்போது எஃப் அரைச் சுரம் இறங்கி இ. அவ்வளவுதான். ஒரு நேரத்தில் ஒரு விரல்தான் அசைகிறது, அதுவும் பக்கத்துக் கீக்கு. நாம் 'கலர்' என்று உருகுவது பெரும்பாலும் அந்த அரைச் சுர இறக்கத்தைத்தான். நான் இதை ராத்திரி ஹெட்போன் போட்டு ஒரு வாரம் வாசித்தேன், அலுக்கவே இல்லை. அது பழகிய பிறகு பேஸ்காரன் இருந்தால் எஃப்-ஏ-சி-இ, அடுத்து எஃப்-ஏ-பி-இ, அடுத்து இ-ஜி-பி-டி என்று கையை நிரப்புங்கள். முதலிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது சி மட்டும்தான் பி-க்கு இறங்குகிறது, மற்ற மூன்று விரலும் தூங்கலாம்.

இடது கையில் கீழே நெருக்கமாக மூன்று விரல் வைத்து அமுக்காதீர்கள். பானைக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி கலங்கிவிடும். கீழே ஒன்றோ இரண்டோ, அதுவும் அகலமாக.

இனி பாடுகிறவர்கள் விஷயம். எங்கள் முன் பெஞ்சு அம்மாச்சிகளுக்குக் கார்டு பெயர் எதுவும் தெரியாது, ஆனால் அவர்களை விடக் கறாரான காது எனக்குத் தெரிந்து கிடையாது. ஒரு பாட்டின் கடைசி அடி ஸ-வில் வந்து நிற்கும், அதாவது சி-யில். அங்கே நான் ஆசையாக சி மேஜர் செவன்த் போட்டேன். அந்தக் கார்டுக்குள் பி இருக்கிறது. அவர்கள் இழுக்கும் சி-க்கும் நான் அமுக்கும் பி-க்கும் அரைச் சுரம்தான் இடைவெளி, ஒன்றோடொன்று உரசுகிறது. மூன்றே வாரத்தில் அம்மாச்சிகள் அந்த இடத்தில் குரலை மெல்ல இறக்கிப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். சுருதி விட்டுவிட்டார்கள் என்று கொயரில் ஒருவன் சிரித்தான். சுருதியை விடவைத்தது நான். பி-யை எடுத்துவிட்டு ஏ போட்டேன், சி சிக்ஸ்த். மறு வாரமே எல்லாம் தன் இடத்துக்கு வந்தது. இதே காரணத்துக்காகத்தான் ஜி செவன்த் வரும் இடத்தில் கூட்டம் சி-யை இழுத்துக்கொண்டிருந்தால், கீழே ஜி வைத்து மேலே எஃப் மேஜர் பிடிப்பது உத்தமம். அதில் பி கிடையாது. காஸ்பல்காரர்கள் ஓயாமல் வாசிப்பதும் இதைத்தான்.

பழைய கீர்த்தனை வந்தால் இன்னொரு சிக்கல். மாயாமாளவகௌளையில் அமைந்த ஒன்றுக்கு ஜி செவன்த் போட்டால், அதில் இருக்கும் டி அந்த ராகத்தில் கிடையாது, சுத்த ரிஷபம், அதாவது டி-க்கு அரைச் சுரம் கீழே இருக்கும் டி ஃபிளாட், பாடுகிறவர்களுக்கு அது காலில் முள். அதற்குப் பதில் டி ஃபிளாட் செவன்த் போட்டுப் பாருங்கள். டி ஃபிளாட், எஃப், ஏ ஃபிளாட், பி. நான்குமே ராகத்துக்குள் இருக்கும் சுரங்கள். அங்கிருந்து நேராக சி-க்கு இறங்கலாம். ஜாஸில் இதை ட்ரைடோன் சப்ஸ்டிட்யூஷன் என்று பெரிய வித்தையாகச் சொல்லித் தருவார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் சரளி வரிசை பாடும் முதல் ராகத்துக்குள்ளேயே அது உட்கார்ந்திருக்கிறது. இதைக் கண்ட அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

"கோயில்ல சினிமா வாசிக்கிறான்" என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலருக்குக் குறை உண்டு. அதை நான் ஏற்கவில்லை. காஸ்பல் இசையின் தந்தை என்று சொல்லப்படும் தாமஸ் டார்ஸி, அதற்கு முன் 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில் புளூஸ் வாசித்தவர், மா ரெய்னி என்ற புளூஸ் பாடகிக்குப் பியானோ வாசித்தவர். அவர் கொண்டுவந்த பாட்டுகளை முதலில் பல கோயில்கள் உள்ளே விடவில்லை. 1932-ல் சிகாகோவின் பில்கிரிம் பாப்டிஸ்ட் ஆலயத்தில் பாடகர் குழுவை நடத்த வந்தார், பல பத்தாண்டு அங்கேயே இருந்தார். இன்று அந்த இசைதான் 'பக்தி' என்று பெயர் எடுத்திருக்கிறது. ஆனால் அதே பெரியவர்களில் ஒருவர் வேறொரு நாள், "தம்பி, நீ வாசிக்கிறது நல்லாருக்கு, நாங்க எங்க பாடுறதுன்னுதான் தெரியல" என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் சொன்னதுதான் சரி.

குழாய்ப் பிரச்சினைக்கு வருகிறேன். பேஸையும் குழாய்க்குக் கொடுத்துவிடலாமே என்று சவுண்ட் சர்வீஸ் அண்ணனிடம் கேட்டேன். "அவ்வளவு பேஸ் குடுத்தா யூனிட்டு கிழிஞ்சிரும்டா, கிழிஞ்சா நீ வாங்கித் தருவியா?" என்றார். குழாய்க்கு அடி ஸ்தாயி ஆகாது, அது நடுக் குரலுக்குப் பிறந்த சாமான். ஆகவே இந்த வாரம் பாட்டு முடியும் இடத்தில் மட்டும் கௌரவத்தை விட்டுவிட்டு, நடு சி-யும் ஜி-யும் இடது கையில், டி-யும் இ-யும் வலது கையில் என்று வைத்துக்கொள்ளப் போகிறேன். கீழே பேஸ் இல்லாவிட்டாலும் அது சி ஆகவே கேட்கும், டி இருப்பதால் கொஞ்சம் மினுக்கும் இருக்கும். புதன்கிழமையே திண்ணையில் நின்று சோதித்தாயிற்று. பெரியம்மா வெற்றிலை இடித்துக்கொண்டே "ம்" என்றாள்.

தடை முடிய இன்னும் சில நாள்தான். மாப்பிள்ளை ஐஸ் பெட்டி கழுவ ஆரம்பித்துவிட்டான். நேற்று பேஸ் கிட்டாரை உறையில் போட்டு எடுத்துவந்து என் அலமாரி மேல் வைத்துவிட்டுப் போனான். அவன் வீட்டில் இருந்தால் உப்புக்காற்று கம்பியைத் தின்றுவிடுமாம். பாம்பனில் அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் மூன்று வீடு. என் வீடு என்னவோ கொடைக்கானலில் இருக்கிற மாதிரி.