இன்வின்சிபிளை வெடிக்க வைத்தது மெல்லிய கவசம் மட்டும்தானா?

கில்லாடியான ஆளை ‘சரியான எம்டன்’ என்று சொல்கிற ஊர் நம்முடையது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய கப்பல் அது. அதைத் தன் படையிலிருந்து பிரித்து அனுப்பிய ஜெர்மன் அட்மிரல் ஃபான் ஷ்பே என்ன ஆனார் என்று தேடப் போய்தான் இன்வின்சிபிள் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் கண்ணில் பட்டது.

பேட்டில் குரூசர் என்ற இனமே இந்தக் கப்பலின் வகையில்தான் தொடங்குகிறது. 1909இல் பணிக்கு வந்தது. பிரிட்டிஷ் கடற்படையின் தலைமை அட்மிரல் ஃபிஷரின் செல்லப்பிள்ளை. பெரிய போர்க்கப்பலின் 12 அங்குல பீரங்கிகள் எட்டு, வேகம் 25 நாட். அதற்கு விலையாகக் கவசத்தில் கை வைத்தார்கள்: அதே காலத்துப் பெரிய போர்க்கப்பல் டிரெட்நாட்டின் பக்கவாட்டில் 11 அங்குலம், இதில் 6. இளைத்தவனைத் துரத்திப் பிடி, வலுத்தவனிடம் சிக்காமல் ஓடு என்ற கணக்கு.

1914 டிசம்பர் 8, தென் அட்லாண்டிக்கின் ஃபாக்லாந்து தீவுகள். இதுவும் இதே வகைக் கப்பலான இன்ஃப்ளெக்ஸிபிளும் சேர்ந்து ஷ்பேயின் இரண்டு பெரிய கப்பல்களையும் மூழ்கடித்தன. ஷ்பேயோடு அவருடைய இரு மகன்களும் அன்றே போனார்கள். ஃபிஷரின் கணக்கு அச்சுப் பிசகாமல் பலித்த நாள். ஆனால் அந்த இரண்டை முடிக்க ஆயிரத்துக்கும் மேல் குண்டுகள் செலவாயின. குறி தவறினால் தவறட்டும், நிறையச் சுடு, வேகமாகச் சுடு என்ற புத்தி பேட்டில் குரூசர்களில் ஊறியது. அதற்காக, குண்டைத் தள்ளும் மருந்தான கார்டைட் பைகளைக் கிடங்குக்கு வெளியே அடுக்கினார்கள். தீ பரவாமல் தடுக்கும் கதவுகளைத் திறந்தே வைத்தார்கள். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான்.

1915 ஜனவரியில் வடகடலில் நடந்த டாக்கர் பேங்க் சண்டையில் ஜெர்மன் பேட்டில் குரூசர் ஸேய்ட்லிட்ஸின் பின்பக்கப் பீரங்கிக் கோபுரங்கள் இரண்டும் எரிந்து 150க்கும் மேற்பட்டோர் கருகினார்கள். ஜெர்மானியர் பாடம் கற்றார்கள். பிரிட்டிஷாருக்கு அப்படி ஒரு சூடு விழவில்லை.

1916 மே 31, வடகடலில் ஜட்லாந்து சண்டை. இன்வின்சிபிள் அன்று அற்புதமாகச் சுட்டது. ஜெர்மன் பேட்டில் குரூசர் படையின் கொடிக்கப்பல் லுட்ஸோவின் முன்பக்கத்தில் அது போட்ட ஓட்டைகள்தான் கடைசியில் அந்தக் கப்பலை முடித்தன. எல்லாக் குண்டும் விழுகிறது, முடிந்தவரை வேகமாகச் சுடுங்கள் என்று அட்மிரல் ஹூட் தன் பீரங்கி அதிகாரி டான்ராய்தரைத் தட்டிக்கொடுத்தார். சற்று நேரத்தில் நடுக்கோபுரத்தில் ஒரு குண்டு. வெடிமருந்துக் கிடங்கு வெடித்துக் கப்பல் இரண்டாகப் பிளந்தது. 1,026 பேர் இறந்தார்கள். பிழைத்தவர் ஆறே பேர், அதில் டான்ராய்தரும் ஒருவர்.

கவசம் மெல்லிசு, அதனால் வெடித்தது என்று ஒரே வரியில் முடிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அதே நாளில் சண்டையில் இருந்த பிரிட்டிஷ் பேட்டில் குரூசர்கள் லயனும் குவீன் மேரியும் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள், இரண்டுக்கும் 9 அங்குலக் கவசம். குவீன் மேரி வெடித்துச் சிதறியது. லயனின் கோபுரத்திலும் குண்டு துளைத்து உள்ளே வெடித்தது. ஆனால் அங்கே கிடங்கின் பொறுப்பிலிருந்த கிரான்ட், வெளியே பைகளைக் குவிக்கக் கூடாது என்று முன்பே கறாராக இருந்தவர். அந்தக் கோபுரத்தின் பொறுப்பிலிருந்த மேஜர் ஹார்வி மரணக் காயத்தோடு கிடங்கில் தண்ணீரைத் திறந்துவிடச் சொன்னார். லயன் கரை சேர்ந்தது.

இன்வின்சிபிளின் முனைகள் இரண்டும் ஆழமில்லாத வடகடலின் தரையில் ஊன்றி, நீருக்கு மேலே நின்றன. மூழ்குவது ஜெர்மன் கப்பல் என்று நினைத்து, கடந்துபோன பிரிட்டிஷ் மாலுமிகள் ஆரவாரம் செய்திருக்கிறார்கள்.